பழுதும் ஓர் ஆசானே!

இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்

"பொருள் பழுதானால் தூக்கி எறி, புதியது வாங்கு" என்பது இக்காலத்தின் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. கைக்கடிகாரம் முதல் கைப்பேசி வரை எதுவாயினும், நின்றுவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்றே நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அது ஏன் நின்றது, அதன் உள்ளே எந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்று கேட்போர் நம்மில் மிகச் சிலரே. இந்த மனப்போக்கு நம் பணப்பையை மட்டும் இளைக்கச் செய்யவில்லை. நம் கல்வியையும் இளைக்கச் செய்கிறது என்பதே என் கருத்து.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று சிலருக்கு நகைப்பைத் தரலாம். அது ஆய்வுக்கூடக் கருவி அன்று. தொழிற்சாலை எந்திரமும் அன்று. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டின் பழைய ஜாய்ஸ்டிக்! "விளையாட்டுச் சாமானைக் கழற்றிப் பூட்டுவதற்கும் பட்டப்படிப்புக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுமை காட்ட வேண்டுகிறேன்.

பிறந்த கதை

ஜாய்ஸ்டிக் என்பது முதலில் விமானியின் கையிலிருந்த செலுத்துகோலுக்கு வழங்கிய பெயர். 1972-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஒடிசி'தான் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் வீடியோ விளையாட்டுப் பெட்டி. அதை ஆட்டுவித்தவை கையால் திருகும் குமிழ்கள். 1977-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த அடாரி நிறுவனம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. பின்னாளில் 'அடாரி 2600' என்று உலகெங்கும் அறியப்பட்டது அதுவே. அப்பெட்டியோடு வந்த முதல் ஜாய்ஸ்டிக்கின் பெயர் சி.எக்ஸ்.10. அதில் சுருள்வில்களும் சிறு உறுப்புகளும் மிகுதி. அடுத்த ஆண்டே அதை எளிமையாக்கிச் சி.எக்ஸ்.40 என்ற வடிவத்தை வெளியிட்டார்கள். கறுப்பு நிறச் சதுரப் பெட்டி, நடுவே ரப்பர் உறை போர்த்திய கோல், இடப்பக்க மேல்மூலையில் ஒரே ஒரு செந்நிறப் பொத்தான் என்ற அமைப்பைப் படத்திலேனும் பலர் பார்த்திருப்பீர்கள்.

அதன் கேபிளின் நுனியில் ஒன்பது துளைகள் கொண்ட செருகி உண்டு. இச்செருகியின் அமைப்பைப் பிற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. 1982-இல் வந்த கமடோர் 64 கணினியிலும், 1985-இல் வந்த அமிகா, அடாரி எஸ்.டி. கணினிகளிலும் இதே ஜாய்ஸ்டிக்கைச் செருகி ஆடலாம். 2023-இல் '2600+' என்ற பெயரில் அப்பழைய பெட்டி மீண்டும் விற்பனைக்கு வந்தபோதும் அதே ஒன்பது முனைச் செருகி அமைப்பே இடம்பெற்றது. நாற்பத்தாறு ஆண்டுகள் மாறாமல் நின்ற ஒரு செருகி! இன்று நாம் வாங்கும் எந்தக் கருவியின் செருகியாவது அவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டில் இத்தகைய ஜாய்ஸ்டிக்குகள் இரண்டு உண்டு. சிங்கப்பூரில் பணியாற்றித் திரும்பிய என் பெரியப்பா கொண்டுவந்தவை. விளையாட்டுப் பெட்டி எப்போதோ போய்விட்டது. இவ்விரண்டும் பரண்மேல் கிடந்தன. நான் கற்றவை இவற்றிலிருந்து கற்றவையே.

உள்ளே இருப்பது என்ன?

அடிப்பாகத்தில் நான்கு திருகாணிகள். சாதாரண நட்சத்திரத் தலைத் திருப்புளி ஒன்று போதும். பசை இல்லை, முத்திரை இல்லை, "திறந்தால் உத்தரவாதம் கிடையாது" என்று அச்சுறுத்தும் ஒட்டுத்தாளும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் திருகாணிகளைக் கழற்றி அடித்தட்டை மெல்லத் தூக்க வேண்டும். பொத்தானின் அடியிலுள்ள சிறு சுருள்வில் துள்ளி ஓடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே எச்சரிக்கை.

உள்ளே ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. அதன்மேல் கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்த ஐந்து உலோகத் தகடுகள் ஒளிபுகும் ஒட்டுநாடாவின் கீழ் அமர்ந்திருக்கின்றன. நான்கு தகடுகள் நான்கு திசைகளுக்கு; ஐந்தாவது பொத்தானுக்கு. கோலின் அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் உறுப்பு ஒன்று உண்டு. கோலை ஒரு பக்கம் சாய்த்தால் அவ்வுறுப்பு அப்பக்கத்துத் தகட்டை அழுத்தும். தகடு 'டக்' என்று உள்வாங்கிக் கீழேயுள்ள செம்புத் தடத்தைத் தொடும். கையை எடுத்தால் தன் மீள்திறனால் மீண்டும் எழும். மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டு தகடுகள் ஒருசேர அழுந்தும். இவ்வாறு நான்கு தகடுகளைக் கொண்டே எட்டுத் திசைகள் கிடைக்கின்றன.

பலகையிலிருந்து புறப்படுபவை ஆறே ஆறு கம்பிகள். வெள்ளை மேல், நீலம் கீழ், பச்சை இடம், பழுப்பு வலம், ஆரஞ்சு பொத்தான், கறுப்பு எல்லாவற்றிற்கும் பொதுவான தரைக்கம்பி. கோல் சும்மா இருக்கும்போது ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 5 வோல்ட் அழுத்தம் நிற்கும். சாய்க்கும்போது அந்தக் கம்பி தரைக்கம்பியோடு சேர்ந்து சுழிக்கு இறங்கும். பெட்டிக்குள் இருக்கும் சில்லு அந்த இறக்கத்தைத்தான் 'அழுத்தம்' என்று படிக்கிறது. அழுத்தினால் 0, விட்டால் 1! எண்முறை மின்னணுவியல் வகுப்பில் கரும்பலகையில் கண்ட எதிர்மறைத் தருக்கம் இங்கே கையில் பிடிக்கும் பொருளாய் நிற்கிறது.

பழுதைத் தேடும் முறை

விளையாட்டுப் பெட்டி இல்லாமல் ஜாய்ஸ்டிக்கை எப்படிச் சோதிப்பது? உள்ளே இருப்பவை ஐந்து சுவிட்சுகள்தாம் என்று தெரிந்த பிறகு பெட்டி எதற்கு? மல்டிமீட்டர் ஒன்று போதும். அதுவும் இல்லாவிடில் இரண்டு டார்ச் செல், ஒரு சிறு எல்.ஈ.டி. விளக்கு, ஒரு மின்தடை போதும். செருகியின் 8-ஆம் முனை தரை. 1, 2, 3, 4 ஆகியவை முறையே மேல், கீழ், இடம், வலம்; 6-ஆம் முனை பொத்தான். 8-ஆம் முனையையும் 1-ஆம் முனையையும் சோதனைக் கம்பிகளால் தொட்டுக்கொண்டு கோலை மேலே தள்ளினால் விளக்கு எரிய வேண்டும். இப்படி ஐந்தையும் பார்த்து ஒரு தாளில் அட்டவணையிட்டுக்கொள்ளலாம்.

என் முதல் ஜாய்ஸ்டிக்கில் இடப்பக்கம் மட்டும் வேலை செய்யவில்லை. பழுது மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும்: தகட்டில், கம்பியில், அல்லது பிளாஸ்டிக் உறுப்பில். பெட்டியைத் திறந்து, பலகையில் பச்சைக் கம்பி சேரும் இடத்திலேயே மீட்டரை வைத்துத் தகட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். இணைப்பு சரியாக இருந்தது. ஆகவே தகடு குற்றமற்றது. அடுத்துப் பலகையிலிருந்து செருகி வரை பச்சைக் கம்பியை அளந்தேன், இணைப்பு இல்லை. கேபிள் பெட்டிக்குள் நுழையும் கழுத்தருகே பல்லாண்டுகள் வளைந்து வளைந்து உள்கம்பி அறுந்திருந்தது. அறுந்த இடத்துக்கு அப்பால் வெட்டி, முனைகளில் புதிய செருகுக்காதுகளை இறுக்கி மாட்டினேன். இவ்வகை ஜாய்ஸ்டிக்கில் கம்பிகள் பெரும்பாலும் பலகையில் பற்றவைக்கப்படாமல் செருகப்பட்டே இருக்கும். ஆதலால் சால்டரிங் கருவியைத் தொடவேண்டிய தேவையே எழவில்லை.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் நோய் வேறு. எல்லாத் திசைகளும் வேலை செய்தன, ஆனால் விட்டுவிட்டு. மீட்டரின் எண் ஓரிடத்தில் நில்லாமல் தத்தளித்தது. ஒட்டுநாடாவை மெல்ல உரித்துப் பார்த்தால் செம்புத் தடங்கள் கறுத்துக் கிடந்தன. பென்சில் அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தடங்களையும் தகடுகளின் உட்புறத்தையும் துடைத்துப் புதிய ஒட்டுநாடாவால் மூடியதும் மீட்டரின் எண் ஓரிடத்தில் நின்றது. மின்தடை தொடுபரப்பின் தூய்மையைப் பொறுத்தது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் செய்யக்கூடிய வேலை இது. ஆனால் அது நடந்த முறையை எண்ணிப் பாருங்கள். கவனித்தல், அட்டவணையிடல், இருக்கக்கூடிய காரணங்களை வரிசைப்படுத்தல், ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கல், எஞ்சிய காரணத்தைச் சரிசெய்து மறுபடி சோதித்தல். அறிவியல் முறை என்று நாம் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவது இதைத்தானே? நம் செய்முறை வகுப்பில் விடை முன்கூட்டியே தெரியும். விடை வராவிட்டால் வருமாறு 'திருத்தி' எழுதுவோரும் உண்டு. பழுதான பொருளிடம் அந்தச் சூழ்ச்சி செல்லாது. விளக்கு எரியும், அல்லது எரியாது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொத்தான் இடப்பக்க மூலையில் இருப்பதால், கோலை இடக்கையால் ஆட்டிப் பொத்தானை வலக்கையால் அழுத்த விரும்புவோர்க்கு இது இடைஞ்சல். பெட்டியை வலப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பிப் பிடித்தால் பொத்தான் வலப்பக்க மேல்மூலைக்கு வந்துவிடும். ஆனால் திசைகள் மாறிப்போகும். திறந்து, பச்சை இருந்த இடத்தில் வெள்ளை, வெள்ளை இருந்த இடத்தில் பழுப்பு, பழுப்பு இருந்த இடத்தில் நீலம், நீலம் இருந்த இடத்தில் பச்சை என்று கம்பிகளை இடம் மாற்றிச் செருகினால் முடிந்தது. காசு செலவில்லை. திறக்கக்கூடிய பொருள், செய்தவன் நினையாத மனிதனுக்கும் பயன்படுமாறு வளைந்து கொடுக்கும்.

எளிமையின் பெருமை

பழையதெல்லாம் பொன், புதியதெல்லாம் பித்தளை என்று வாதிடுபவன் அல்லன் நான். இதே அடாரி நிறுவனம் 1982-இல் வெளியிட்ட 5200 பெட்டியின் ஜாய்ஸ்டிக்கும் பழையதுதான். அது சுவிட்சுகளுக்குப் பதிலாக மாறும் மின்தடைகளைக் கொண்டு கோல் எவ்வளவு சாய்ந்தது என்பதையும் அளந்தது. எண் பொத்தான்களும் உண்டு. ஆனால் கையை எடுத்தால் கோல் தானே நடுவுக்கு வராது. உள்ளே வளையும் மெல்லிய மின்சுற்றுத் தாளும் கரிப்பூச்சுத் தொடுபுள்ளிகளும் விரைவில் கெட்டு, அடிக்கடி பழுதாகும் கருவி என்று பெயர் வாங்கியது. வசதிகளைக் கூட்டியவர்கள் உழைப்புத் திறனைக் கூட்ட மறந்தார்கள்.

மாறாக, புதிய அறிவு பழைய நோயைத் தீர்த்த கதையும் உண்டு. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவை நாம் செய்முறைப் பாடமாகப் படிக்கிறோம். ஜப்பானின் சேகா நிறுவனம் 1998-இல் வெளியிட்ட 'ட்ரீம்காஸ்ட்' விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியில் கோலின் சாய்வை அளந்தது அந்த ஹால் விளைவே. காந்தம் ஒரு பக்கம், உணரி ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடாததால் தேய்வதும் இல்லை. "இந்தச் சோதனையால் என்ன பயன்?" என்று செய்முறை வகுப்பில் முணுமுணுக்கும் நண்பர்களுக்கு இதைக் காணிக்கையாக்குகிறேன்.

பூட்டிய பெட்டிகள்

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். 2017-இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்விட்ச்' விளையாட்டுக் கருவியின் கைப்பிடிகளில், யாரும் தொடாமலேயே ஆட்டக்காரன் தானாக நகரும் குறை பெருவாரியாக முறையிடப்பட்டது. அக்கோலின் உள்ளே கரிப்பட்டையின்மேல் உரசி நகரும் தொடுமுனைகள் உள்ளன. உரசுவது தேயும், இஃது இயற்கை. 2020-இல் அந்நிறுவனத்தின் தலைவரே வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்த இடையூறுக்காக மன்னிப்புக் கோரினார். தேய்வதைக் குற்றமென்று சொல்லேன். ஆனால் அதைத் திறக்க முயல்வோரை எதிர்கொள்வது மூன்று கிளையாகப் பிளந்த தலை கொண்ட தனிவகைத் திருகாணி. நம் வீட்டுத் திருப்புளி அதில் சேராது. இந்தத் திருகாணி பொருளை இறுக்குவதற்கு மட்டுமா? இறுக்குவதற்குச் சாதாரணத் திருகாணியே போதுமே!

சட்டமும் இதற்குத் துணை நிற்பதுதான் வியப்பு. அமெரிக்காவில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற இயக்கம் வலுப்பெற்று, 2023-இல் மின்னசோட்டாவிலும் கலிபோர்னியாவிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. உதிரி உறுப்புகளையும் கருவிகளையும் விளக்கக் குறிப்புகளையும் உற்பத்தியாளர் பொதுமக்களுக்குத் தரவேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆனால் இரண்டு சட்டங்களும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை விலக்கி வைத்தன. அடாரி பிறந்த கலிபோர்னியாவிலேயே இந்த விலக்கு! பெட்டியைத் திறக்கவிட்டால் விளையாட்டுகளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பார்கள் என்பது அத்தொழிலாரின் வாதம். பெட்டிக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். கையில் பிடிக்கும் கோலின் உள்ளே எந்த விளையாட்டு இருக்கிறது, களவு போவதற்கு?

நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டு ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை இவ்வுரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. வரவேற்க வேண்டியதே. ஆனால் உரிமை ஏட்டில் வந்தால் மட்டும் போதாது. அதைக் கையாளத் தெரிந்த கை வேண்டும். திருப்புளி பிடிக்கத் தெரியாதவனுக்குத் திறக்கும் உரிமையால் என்ன பயன்?

மறுப்புகளும் விடைகளும்

"புதியது மலிவாகக் கிடைக்கும்போது பழையதைக் கட்டி அழுவானேன்?" என்பார் உளர். மலிவு யாருக்கு? எறியப்பட்ட பிளாஸ்டிக்கும் ஈயமும் போய்ச் சேரும் குப்பைமேட்டின் அருகே வாழ்பவர்க்கும் அது மலிவா? அந்தக் கணக்கு விலைச்சீட்டில் வருவதில்லை.

"இது விளையாட்டுப் பொருள்தானே" என்பது அடுத்த மறுப்பு. விளையாட்டுப் பொருள் என்பதால்தான் இதைத் தேர்ந்தேன். பழைய தொலைக்காட்சியைத் திறப்பது ஆபத்து. மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். செருகியைப் பிடுங்கிவிட்ட ஜாய்ஸ்டிக்கில் அவ்வச்சம் இல்லை. இணைத்திருந்தாலும் 5 வோல்ட்தான். முதல் பாடத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. "இது மெக்கானிக் வேலை, பட்டதாரி செய்யும் வேலையா?" என்பதே அது. நண்பர்களே, நம் நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. கையழுக்கானால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் நம் சமுதாயத்தில் நேற்று முளைத்ததன்று. எழுதுகிறவன் மேலோன், செய்கிறவன் கீழோன் என்ற பழைய பிரிவினையின் எச்சமே அது. நம்மில் பலர் தச்சர், கொல்லர், நெசவாளர், உழவர் வீட்டுப் பிள்ளைகள். நம் தந்தையர் கைகளில் இருந்த அறிவை, கல்லூரிக்குள் நுழைந்ததும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறோம். ஓமின் விதியைப் பிழையின்றி எழுதும் பட்டதாரி, வீட்டில் அயர்ன் பாக்ஸ் சூடாகாவிட்டால் எட்டாம் வகுப்போடு நின்ற மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறார். அம்மெக்கானிக்கிடம் விதியின் பெயர் இல்லை, விதி இருக்கிறது. நம்மிடம் பெயர் இருக்கிறது, விதி இருக்கிறதா? இரண்டும் ஒருவரிடம் சேரவேண்டும் என்பதே என் வாதம்.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

குறை கூறுவது எளிது; வழி கூற வேண்டும். நம் ஆய்வுக்கூடங்களில் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது. பழுதான மீட்டர்களும் மின்வழங்கிகளும் கழிவுப் பட்டியலில் ஏறி, ஏலத்துக்குக் காத்து அலமாரியின் மேல் தூசி படிகின்றன. அவற்றுள் எத்தனை, ஓர் அறுந்த கம்பிக்காகவோ கறுத்த தொடுமுனைக்காகவோ கழிக்கப்பட்டவை என்பதை யாரும் திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

முதல்வர் அவர்களும் துறைத்தலைவர்களும் அன்புகூர்ந்து ஒரு மேசையை ஒதுக்கித் தரவேண்டும். வாரத்தில் ஒரு மாலை போதும். இரண்டு திருப்புளித் தொகுதிகள், இரண்டு மல்டிமீட்டர்கள், ஒரு சால்டரிங் கருவி; செலவு இவ்வளவே. முதல் சில வாரங்களுக்கு மின்சார ஆபத்தில்லாத பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1990-களில் நம் ஊர்களில் பரவிய 'டி.வி. கேம்' பெட்டிகளின் கைப்பிடிகள் பல வீடுகளின் பரணில் கிடக்கக்கூடும். அவற்றின் செருகியும் ஒன்பது முனையாக இருக்கலாம். ஆனால் உள்ளமைப்பு வேறு. பல பொத்தான்களின் நிலையை ஒரே கம்பியில் வரிசையாக அனுப்பும் சில்லு ஒன்று அங்கே கரும்பிசின் துளியின் கீழ் ஒளிந்திருக்கும். ரப்பர்ப் பொத்தானின் கரிமுனையைத் துடைத்துச் சரிசெய்யலாம். பிசினுக்குள் இருப்பது கெட்டால் செய்வதற்கொன்றும் இல்லை. எது திறக்கப்படச் செய்யப்பட்டது, எது எறியப்படச் செய்யப்பட்டது என்ற வேறுபாட்டை இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே மாணவர் உணர்வர்.

அதன்பின், உரிய அனுமதியுடன், ஆசிரியர் அல்லது ஆய்வுக்கூட உதவியாளர் முன்னிலையில், கழிவுப் பட்டியலுக்குச் செல்லவிருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகத் திறப்போம். எல்லாம் பிழைக்கும் என்று நான் உறுதி கூறவில்லை. பிழைக்காதவற்றின் காரணத்தையாவது இருப்புப் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். 'பழுது' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, 'எதனால் பழுது' என்று எழுதும் நாள், நம் ஆய்வுக்கூடம் உண்மையான ஆய்வுக்கூடமாகும் நாள்.

இயற்பியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று அந்த மேசை. வரலாறு பயிலும் நண்பர் ஒரு பொருள் ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று கேட்கட்டும். பொருளியல் பயிலும் நண்பர் அது ஏன் பூட்டப்பட்டது என்று கேட்கட்டும். தமிழ் பயிலும் நண்பர் ஒவ்வோர் உறுப்புக்கும் பட்டறையில் வழங்கும் பெயரைத் தொகுக்கட்டும். திருப்புளி எல்லோர் கையிலும் சுற்றி வரட்டும்.

என் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும், அவற்றோடு நான் வரைந்த இணைப்பு அட்டவணையையும் அம்மேசைக்கு முதல் காணிக்கையாகத் தர அணியமாய் இருக்கிறேன். இனி மேசை வரவேண்டியதுதான் பாக்கி.